உப்பு, சர்க்கரை, தண்ணி: செல்லுக்குள்ள எது எப்படிப் போகுது? வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

போன இதழ்ல, நம்ம உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லையும் சுத்தி ரெண்டு அடுக்குக் கொழுப்பால ஆன ரொம்ப மெல்லிசான சவ்வு இருக்கு, அது சிலதை உள்ள விடும் சிலதை விடாதுன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஊறுகாய் ஜாடியிலேர்ந்து ஆஸ்பத்திரி ட்ரிப்ஸ் வரைக்கும் கேட்டிருக்கீங்க, அதனால இந்த இதழ் பூரா இதுதான். எல்லாத்துக்கும் ஒரே நீளத்துல பதில் எழுத முடியல, ஓஆர்எஸ் (வயித்துப்போக்குக்குக் குடிக்கக் குடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல்) கேள்விக்கு மட்டும் நிறைய எழுதியிருக்கேன், அது குழந்தைங்க உயிர் சம்பந்தப்பட்டது, பொறுமையா படிச்சிடுங்க.

மன்னார்குடி வாசகி: டீச்சர், மாவடு போடும்போது நாங்க தண்ணியே ஊத்துறதில்ல. கல்லுப்பு, மிளகாய்ப்பொடி, கடுகுப்பொடி, கொஞ்சம் விளக்கெண்ணெய், அவ்ளோதான். நாலஞ்சு நாள்ல ஜாடிக்குள்ள தண்ணி விட்டு நிக்குது, மாவடு சுருங்கிடுது. அந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?

மாவடுக்குள்ளேர்ந்துதான் வருதும்மா. கழுவித் துடைச்ச காய்மேல கொஞ்சம் ஈரம் எப்படியும் இருக்கும், அதுல உப்பு கரைஞ்சு காயைச் சுத்தி ரொம்ப அடர்த்தியான உப்புத் தண்ணி உண்டாகும். உள்ள செல்லுக்குள்ள இருக்கிற சாறு அந்த அளவுக்கு அடர்த்தி கிடையாது. நடுவுல சவ்வு. அந்தச் சவ்வு தண்ணியை விடும், உப்பை லேசுல விடாது. அப்ப உப்பு உள்ள போய் ரெண்டு பக்கமும் சமமாக முடியாதுல்ல, அதனால தண்ணி வெளிய வந்துதான் சமமாகப் பாக்கும். பள்ளிக்கூடத்துல சவ்வூடு பரவல்னு படிச்சிருப்பீங்க, ஆஸ்மோஸிஸ், அதேதான் இது.

நிறையப் பேரு உப்பு உள்ள போய் தண்ணியை வெளிய தள்ளுதுன்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்ல, மொதல்ல தண்ணிதான் வெளிய வருது. தண்ணி போகப் போக செல்லு உள்ளுக்குள்ள சுருங்கி, சவ்வு வெளிச்சுவரை விட்டு விலகிடும், கொஞ்ச நாள்ல அந்த செல்லுங்க செத்துப்போகும். செத்த செல்லோட சவ்வுக்கு எதை விடணும் எதை விடக்கூடாதுங்கிற கட்டுப்பாடே கிடையாது, அப்பதான் உப்பும் காரமும் தாராளமா உள்ள எறங்குது. ரெண்டாம் நாள் மாவடுவை எடுத்துக் கடிச்சா மேல உப்பு உள்ள சப்புன்னு இருக்கும், ரெண்டு மூணு வாரம் கழிச்சுக் கடிச்சா கொட்டை வரைக்கும் உப்பு ஏறியிருக்கும், காரணம் இதுதான்.

கெட்டுப்போகாம இருக்கிறதுக்கும் இதே விஷயம்தான் காரணம், காயைக் கெடுக்க வர்ற பெரும்பாலான பாக்டீரியாவும் அந்த உப்புல தண்ணியை இழந்து செயலிழந்து போயிடும். ஆனா உப்பைத் தாங்குற ஈஸ்ட் வகைங்க சிலது இருக்கு, தண்ணிக்கு மேல தலை நீட்டிட்டு இருக்கிற காய்ல வெள்ளையா ஆடை மாதிரி படியிறது பெரும்பாலும் அதுதான். அதனால தினம் ஜாடியைக் குலுக்கி விடுறதும், காய் எல்லாம் உப்புத் தண்ணியில முங்கியே இருக்கணும்னு வீட்டுப் பெரியவங்க சொல்றதும் நூத்துக்கு நூறு சரி.

திருப்பூர் வாசகர்: சாயப்பட்டறையில வேலை. ரொம்ப நேரம் தண்ணியில கை வெச்சா விரல் நுனி சுருங்குதே, அதுவும் மாவடு மாதிரி ஆஸ்மோஸிஸ்தானா?

இல்லைங்க. அப்படித்தான் ரொம்ப காலம் சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா 1930கள்லயே லண்டன் டாக்டருங்க ஒண்ணு கவனிச்சாங்க, கை நரம்பு அறுந்துபோனவங்களுக்கு அந்த நரம்பு போற விரலை எவ்ளோ நேரம் தண்ணியில வெச்சாலும் சுருங்குறதில்ல. சும்மா தண்ணி ஊறுறதா இருந்தா நரம்பு இருந்தா என்ன இல்லாட்டி என்ன? நரம்பு சொல்லித்தான் விரல் நுனியில இருக்கிற சின்ன ரத்தக்குழாய்ங்க சுருங்குது, உள்ள சதை லேசா வத்துது, மேல் தோல் மடிஞ்சு நிக்குது. சொல்லத் தெரியாத சின்னக் குழந்தைக்கு விரல் நரம்பு நல்லா வேலை செய்யுதான்னு பாக்க டாக்டருங்க இதையே ஒரு சோதனையா வெச்சிருக்காங்க. ஆனா நீங்க வேலை செய்றது சாயத்துல, தயவுசெஞ்சு கையுறை போடுங்க, எண்ணெய்ல கரையிற ரசாயனம் எல்லாம் தோல் செல்லோட கொழுப்புச் சவ்வை சுலபமா தாண்டிடும்.

நாகர்கோவில் பிளஸ் டூ மாணவி: டீச்சர், சவ்வு கொழுப்புன்னு சொல்றீங்க, தண்ணியும் எண்ணெயும் ஒட்டாது. அப்ப தண்ணி எப்படி அதுவழியா போகுது? புக்குல ஒரு வரியோட விட்டுட்டாங்க.

இந்தக் கேள்வி பெரிய பெரிய விஞ்ஞானிகளையே பல வருஷம் தூங்கவிடாம பண்ணின கேள்விம்மா, நீ கேட்டது எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

மொதல்ல சவ்வு கொழுப்புன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஓவர்டன்னு ஒருத்தர் நூத்துக்கணக்கான பொருளை செல்லுமேல போட்டுப் பாத்தார், எண்ணெய்ல எது நல்லா கரையுதோ அது வேகமா உள்ள போகுதுன்னு கண்டுபிடிச்சார். அப்புறம் 1925ல நெதர்லாந்துல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேர் ரத்தச் சிவப்பணுவுல இருக்கிற கொழுப்பைப் பூரா பிரிச்செடுத்து தண்ணிமேல ஒத்தை அடுக்கா பரப்பினாங்க. அணுக்களோட மேல்பரப்பை விட ரெண்டு மடங்கு இடத்தை அது பிடிச்சுது, அதான் ரெண்டு அடுக்குன்னு முடிவுக்கு வந்தாங்க. ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு, ஸ்டீராய்டு ஹார்மோன், ஆல்கஹால், இதெல்லாம் இந்தக் கொழுப்பு வழியாவே நேரா போயிடும். சோடியம், பொட்டாசியம் மாதிரி மின்னேற்றம் உள்ளது, எவ்ளோ குட்டியா இருந்தாலும் போக முடியாது, தன்னைச் சுத்தி தண்ணி மூலக்கூறுகளை ஒட்டவெச்சுக்கிட்டு இருக்கிற அதுக்குக் கொழுப்புக்குள்ள எடமே இல்ல.

தண்ணி ரெண்டுக்கும் நடுவுல. கொஞ்சம் கொஞ்சமா கசியும், ஆனா சிவப்பணுவுலயும் கிட்னியிலயும் அது போற வேகத்துக்கு அந்தக் கசிவு பத்தவே பத்தாது. ஏதோ தனி வழி இருக்கணும்னு சந்தேகப்பட்டாங்க, ஆனா யார் கண்ணுலயும் அது படல. பீட்டர் ஆக்ரேன்னு அமெரிக்காவுல ஒரு ரத்த டாக்டர், அவர் ரீசஸ் ரத்தவகைப் புரதத்தைத்தான் பிரிச்சுக்கிட்டு இருந்தார், அதுல தேவையில்லாம இன்னொரு புரதம் கூடவே வந்துக்கிட்டே இருந்துச்சு. சிவப்பணுவுலயும் கிட்னியிலயும் அது ஏராளமா இருந்துச்சு. இதுதான் தண்ணி போற வழியோன்னு சோதிக்க தவளை முட்டையை எடுத்தாங்க. தவளை குட்டைத் தண்ணியிலயே முட்டை போடும், அந்த முட்டை தண்ணி குடிச்சு வெடிக்காது, ஏன்னா அதோட சவ்வு தண்ணியை லேசுல விடாது. அந்த முட்டைக்குள்ள இந்தப் புரதத்தைத் தயாரிக்கச் சொல்ற ஆர்என்ஏவை ஊசியால ஏத்தி, அப்புறமா உப்பு கம்மியான தண்ணியில போட்டா, முட்டை உப்பி உப்பி சில நிமிஷத்துல வெடிச்சுப் போச்சு! இந்த முடிவு வெளியானது 1992ல. அந்தப் புரதத்துக்கு அக்வாபோரின்னு பேர் வெச்சாங்க, 2003ல ஆக்ரேக்கு வேதியியல் நோபல் கெடச்சுது.

ஒரு அக்வாபோரின் வழியா செகண்டுக்கு கிட்டத்தட்ட 300 கோடி தண்ணி மூலக்கூறு ஒத்தை வரிசையில போகும், அதே சமயம் ஒரு ஹைட்ரஜன் அயனியைக்கூட விடாது. கிட்னி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுது, நமக்கு வெளிய போறது ஒண்ணரை ரெண்டு லிட்டர்தான், மிச்சம் எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே வருது, அதுக்கு இந்த அக்வாபோரின் இல்லாம முடியாது. தண்ணி குடிக்காம இருந்தா மூளையிலேர்ந்து ஏடிஎச் ஹார்மோன் வரும், கிட்னி செல்லுங்க உள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற அக்வாபோரினை எடுத்துட்டு வந்து சவ்வுல பதிக்கும், இன்னும் அதிகமா தண்ணி திரும்பும், சிறுநீர் மஞ்சளா கம்மியா போகும்.

அதே 2003 நோபலை ஆக்ரே கூட பங்கு போட்டுக்கிட்டவர் ராடரிக் மக்கின்னன், அவர் பொட்டாசியம் சேனல், அதாவது சவ்வுல பொட்டாசியம் போறதுக்குன்னே இருக்கிற புரத வழி, எப்படி இருக்கும்னு 1998ல காட்டினார். சோடியம் பொட்டாசியத்தை விட சின்னது, ஆனா பொட்டாசியம் சேனல்ல பெருசு போகும் சின்னது போகாது! ஏன் தெரியுமா, சேனல் உள்ள இருக்கிற ஆக்ஸிஜன் அணுக்கள் பொட்டாசியத்தைச் சுத்தி தண்ணி எந்தத் தூரத்துல நிக்குமோ அதே தூரத்துல நிக்குது, அதனால பொட்டாசியம் தண்ணியைக் கழட்டிட்டு சௌகரியமா உள்ள வந்துடும். சோடியம் சின்னதா இருக்கிறதால அந்த ஆக்ஸிஜன் எதுவும் அதுக்கு சரியா எட்டாது, அது தண்ணியை விட்டுட்டு வர மனசில்லாம வெளியவே நின்னுடும். இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்குப் புல்லரிக்கும்.

திண்டிவனம் வாசகி: என் பையனுக்கு ஒண்ணரை வயசு. வயித்துப்போக்கு வந்தப்ப கிராம நர்ஸ் ஓஆர்எஸ் குடுக்கச் சொன்னாங்க. அத்தை (மாமியார்) சர்க்கரை சேந்தா பேதி ஜாஸ்தியாகும், உப்புத் தண்ணி மட்டும் குடுன்னு சொன்னாங்க. எது சரி டீச்சர்?

நர்ஸ் சொன்னது சரி. உங்க அத்தை பயப்படுறதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அதுக்கும் வரேன்.

குடல் செல் உள்ள சோடியம் எப்பவும் ரொம்பக் கம்மியா இருக்கும். ஏன்னா அந்த செல்லோட ரத்தம் பக்கத்துச் சவ்வுல ஒரு பம்ப் இருக்கு, சோடியம் பொட்டாசியம் பம்ப், அது ஒவ்வொரு தடவையும் மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுக்கும், அதுக்கு ஒரு ஏடிபி (செல்லுக்கு சக்தி குடுக்கிற மூலக்கூறு) செலவாகும். வீட்டுல மோட்டார் போட்டு தண்ணியை மேல்தொட்டிக்கு ஏத்தி வெச்சுட்டோம்னா அப்புறம் குழாயைத் திறந்தா கரண்ட் இல்லாமலே தண்ணி இறங்கும்ல, அதுமாதிரி இந்தப் பம்ப் சக்தி செலவழிச்சு சோடியத்தை வெளிய ஏத்தி வெக்குது, அது திரும்ப செல்லுக்குள்ள இறங்கத் துடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த இறக்கத்தைப் பயன்படுத்திதான் குடல் சர்க்கரையை உறிஞ்சுது.

குடல் பக்கத்துச் சவ்வுல எஸ்ஜிஎல்டி1னு ஒரு புரதம் இருக்கு. அது ரெண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேந்து வந்து உக்காந்தாத்தான் திரும்பி உள்ள விடும், சோடியம் மட்டும் வந்தா நகராது, குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் நகராது. ரெண்டும் உள்ள போனதும் அதுக்குப் பின்னாடியே தண்ணி போகும். ராபர்ட் கிரேன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1960ல பிராக் நகரத்துல நடந்த கூட்டத்துல இதை மொதல் மொதலா சொன்னார். வெறும் உப்புத் தண்ணி குடிச்சா ஏன் பிரயோஜனம் இல்லைங்கிறதுக்கு பதில் இதுலயே வந்துடுச்சு, கூட சர்க்கரை இல்லாட்டி இந்த வழி வேலையே செய்யாது.

இப்ப காலரா எடுத்துக்கோங்க. 1959ல கொல்கத்தாவுல சம்புநாத் டேங்கிற நம்ம நாட்டு விஞ்ஞானிதான் காலராக் கிருமி விடுற விஷத்தைக் கண்டுபிடிச்சு நிரூபிச்சார் (அவருக்குக் கெடைக்க வேண்டிய பேர் கெடைக்காமலே போச்சு, எனக்கு இன்னிக்கும் அது வருத்தம்). அந்த விஷம் குடல் செல்லுல இருக்கிற குளோரைடு சேனலை மூடவிடாம திறந்தே வெச்சிடும். குளோரைடு குடலுக்குள்ள கொட்டும், பின்னாடியே சோடியம், பின்னாடியே தண்ணி. முத்திப்போன பெரியவங்களுக்கு ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர்கூட வெளிய போயிடும். ஆனா அந்த விஷம் எஸ்ஜிஎல்டி1ஐ ஒண்ணும் பண்றதில்ல! வெளிய கொட்டுற வழி திறந்திருந்தாலும் உள்ள இழுக்கிற வழியும் நல்லாவே இருக்கு, உப்பும் சர்க்கரையும் சரியான அளவுல குடுத்தாப் போதும். 1968ல டாக்காவுல நாலின், கேஷ்னு ரெண்டு இளம் டாக்டருங்க காலரா நோயாளிகளுக்கு வாய் வழியா குடுத்தே இதைக் காட்டினாங்க.

1971ல பங்களாதேஷ் போர் நேரத்துல லட்சக்கணக்கான அகதிங்க மேற்கு வங்காளம் வந்தாங்க, எல்லைக்குப் பக்கத்துல பொங்கான் முகாம்ல காலரா பரவிடுச்சு. ஆஸ்பத்திரி தரையெல்லாம் நோயாளிங்க, ட்ரிப்ஸ் பாட்டில் தீந்துபோகுது, ஏத்துறதுக்கு ஆளும் இல்ல. அங்க இருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடான்னு பொட்டலம் கட்டி, டிரம்ல கலக்கி, குழாய் வெச்சு, அம்மா அப்பா கூடப்பொறந்தவங்க கையிலயே டம்ளரைக் குடுத்து நோயாளிக்குக் குடிக்கக் குடுங்கன்னு சொல்லிட்டார். முகாம்ல நூத்துக்கு முப்பது பேர் செத்துக்கிட்டிருந்த இடத்துல, இதைக் குடிச்சவங்கள்ல சாவு நூத்துக்கு நாலு பேருக்கும் கீழ வந்துச்சு. 1978ல லான்செட் மருத்துவ இதழ் இந்த நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இது இருக்கலாம்னு எழுதுச்சு. 2022ல அவர் காலமானார், அடுத்த வருஷம்தான் பத்ம விபூஷண் குடுத்தாங்க.

இனி உங்க அத்தை சொன்னதுக்கு வரேன். சர்க்கரை அளவுக்கு மீறினா பேதி நிஜமாவே அதிகமாகும். எஸ்ஜிஎல்டி1 ஓரளவுக்குத்தான் எடுக்கும், மிச்ச சர்க்கரை குடல்லயே தங்கி, மாவடு விஷயத்துல பாத்தோம்ல, உடம்புலேர்ந்து தண்ணியை குடலுக்கு இழுக்கும். அதனாலதான் அளவு இவ்ளோ முக்கியம். பழைய ஓஆர்எஸ்ல லிட்டருக்கு சோடியம் 90 மில்லிமோல் (மூலக்கூறு எண்ணிக்கையை வெச்சு அளக்கிற அளவு), குளுக்கோஸ் 111 இருந்துச்சு, 2002லேர்ந்து உலக சுகாதார நிறுவனம் ரெண்டையும் 75, 75னு குறைச்சிடுச்சு, வாந்தியும் பேதியும் இன்னும் கம்மியாகுதுன்னு பாத்துட்டுத்தான். இப்ப பொட்டலத்துல ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும்.

பொட்டலத்துல எத்தனை தண்ணின்னு போட்டிருக்கோ அதே அளவு, ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர்ல கலக்கிக் குடுக்கவே கூடாது, அது ஆபத்து. கொதிக்க வெச்சு ஆறின தண்ணி, கலக்கினப்புறம் சூடு பண்ணக்கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல வெக்கக்கூடாது. ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் 50லேர்ந்து 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு இன்னும் மெதுவா குடுங்க, நிறுத்தாதீங்க, தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்க. பொட்டலமே கெடைக்காத நேரத்துல ஒரு லிட்டர் தண்ணிக்கு தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணு குழி விழுந்து, அழுதா கண்ணீர் வராம, மூத்திரம் போகாம, சோர்ந்து கிடந்தா, இல்ல மலத்துல ரத்தம் வந்தா, குடிக்கவே முடியாட்டி, வீட்டுல ஒரு நிமிஷம்கூட வெச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. துத்தநாக மாத்திரையும் குடுப்பாங்க, சொன்ன நாள் வரைக்கும் விடாம குடுங்க.

மதுரை வாசகர்: கடையில அட்டை டப்பாவுல வர்ற பழ ருசி பானத்தை ஓஆர்எஸ்னு நெனச்சு வாங்கிட்டோம். இளநீர் குடுத்தாலும் அதே மாதிரியா?

ரெண்டும் அதுக்கு மாத்து இல்லைங்க. இனிப்பு பானத்துல சர்க்கரை பல மடங்கு, சோடியம் கம்மி, மேல சொன்ன காரணத்தால பேதியை அதிகப்படுத்தும். 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) இந்த மாதிரி பானங்க பேருல ஓஆர்எஸ்ங்கிற எழுத்தே வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, ரொம்ப வருஷம் முன்னாடியே போட்டிருக்கணும். மருந்துக்கடையில கேக்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு அட்டையில எழுதியிருக்கான்னு பாருங்க. இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் ரொம்பக் கம்மி, லேசான பேதியில கூடவே குடிக்கலாம் தப்பில்ல, ஆனா ஓஆர்எஸ்க்குப் பதிலா இல்ல. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி இளநீரை விட நல்லது, அரிசி மாவுச்சத்து குடல்ல கொஞ்சம் கொஞ்சமா குளுக்கோஸா உடையும், மொத்தமா வந்து குவியாது.

யாழ்ப்பாணம் வாசகர்: ஆஸ்பத்திரியில உடம்புல தண்ணி வத்திட்டுதெண்டு சேலைன் ஏத்தினவை. தண்ணிதானே குறை, சுத்தமான தண்ணியையே நரம்பில ஏத்தினா என்ன?

ஏத்தினா சிவப்பணு வெடிச்சிடுங்க, தவளை முட்டை வெடிச்ச அதே காரணம்தான். சிவப்பணுவுல அக்வாபோரின் நிறைய, சுத்தி வெறும் தண்ணியா இருந்தா எல்லாம் உள்ள பாயும், உள்ள இருக்கிற ஹீமோகுளோபின் ரத்தத்துல கொட்டி கிட்னியைக் கெடுத்துடும். அதான் சேலைன்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு, ரத்தத்தோட அடர்த்திக்குக் கிட்டத்தட்ட சமம். வெறும் தண்ணிதான் வேணும்னா டாக்டருங்க 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) ஏத்துவாங்க, ஏறும்போது அடர்த்தி சமமா இருக்கும், அப்புறம் செல்லுங்க அந்தச் சர்க்கரையை எடுத்துச் செலவழிச்சதும் தண்ணி மட்டும் மிஞ்சும். இங்க தமிழ்நாட்டுல சோர்வா இருக்குன்னு போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்கன்னு கேட்டு வாங்குற பழக்கம் இருக்கு, அரை லிட்டர் பாட்டில்ல 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிதான், அதுக்கு ஊசி வேண்டாங்க, வாயால சாப்பிட முடிஞ்சா சாப்பிடுங்க.

ஒட்டன்சத்திரம் வாசகி: எங்க வீட்டு வாசல்ல அரளி இருக்கு, பூஜைக்கு பூப் பறிப்போம். பேரப்பிள்ளைங்க தவழ ஆரம்பிச்சிருக்கு. அரளி அவ்ளோ விஷமா?

ஆமாம்மா, பூ, இலை, விதை, பால் எல்லாமே. மேல சொன்ன சோடியம் பொட்டாசியம் பம்ப் ஞாபகம் இருக்கா, அரளி விஷம் போய் உக்காருற இடம் அதுதான். அந்தப் பம்பைக் கண்டுபிடிச்சவர் டென்மார்க்ல ஜென்ஸ் ஸ்கௌ, 1957ல, நண்டுக் கால் நரம்பை அரைச்சு வெச்சுக்கிட்டுப் பாத்தார், நாப்பது வருஷம் கழிச்சு 1997ல நோபல் வந்துச்சு. நாம சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகுது, நரம்பும் இதயமும் அதை நம்பித்தான் இருக்கு. அது அடைபட்டா இதயத் தசையில சோடியமும் அதைத் தொடர்ந்து கால்சியமும் ஏறும், ரத்தத்துல பொட்டாசியம் கூடும், துடிப்பு தாறுமாறாகும். டிஜாக்ஸின்னு இதயத்துக்குக் குடுக்கிற மாத்திரையும் இதே பம்பைத்தான் பிடிக்குது, மில்லிகிராமுக்கும் கீழ அளந்து குடுக்கிறதால மருந்து. இலங்கையில மஞ்சள் அரளி விதையால பாதிக்கப்பட்டவங்க நிறைய, அங்க டிஜாக்ஸினுக்கு எதிரான ஆன்டிபாடி மருந்து அரளிக்கும் கேக்குதுன்னு சோதிச்சுக் காட்டியிருக்காங்க.

பிள்ளைங்க வளர்ற வரைக்கும் அந்தச் செடி கைக்கு எட்டுற இடத்துல வேண்டாம். பறிச்சா கை கழுவுங்க, கழிச்ச கொம்பை ஆடு மாடு பக்கம் போடாதீங்க, அடுப்புலயும் எரிக்காதீங்க. குழந்தை வாயில போட்டுட்டதா சந்தேகம் வந்தாலே கைவைத்தியம் எதுவும் பண்ணாம, வாந்தி எடுக்க வைக்காம, 108ஐக் கூப்பிட்டு செடியோட ஒரு துண்டையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரி போயிடுங்க.

சேலம் வாசகர்: சர்க்கரை வியாதிக்கு டாபாக்ளிஃப்ளோசின் எழுதிக் குடுத்திருக்காங்க. மூத்திரத்துல சர்க்கரை போகுது, ஆனா அதுதான் மருந்தோட வேலைன்னு சொல்றார் டாக்டர். பயமா இருக்கு.

டாக்டர் சொன்னது சரிதான். ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸ் கிட்னியில தினமும் சுமார் 180 கிராம் வடியும், அதைத் திரும்ப எடுத்துக்கிறது குடல்ல பாத்த எஸ்ஜிஎல்டி1ஓட உறவுக்காரன் எஸ்ஜிஎல்டி2, பத்துல ஒன்பது பங்கு அதுவே எடுத்துடும். இந்த மாத்திரை அதை அடைக்குது, எடுக்க முடியாத சர்க்கரை வெளிய போகுது. 1835ல ஆப்பிள் மரப்பட்டையிலேர்ந்து ஃப்ளோரிஸின்னு ஒரு கசப்புப் பொருளைப் பிரிச்செடுத்தாங்க, சிறுநீர்ல சர்க்கரை போகவைக்கிற அந்தப் பொருளை மாதிரியா வெச்சுத்தான் இந்த மருந்துங்களைச் செஞ்சாங்க. பிறவியிலயே எஸ்ஜிஎல்டி2 சரியில்லாதவங்க சிலபேர் இருக்காங்க, வாழ்நாள் பூரா சிறுநீர்ல சர்க்கரை போகும், ஆனா பெரும்பாலும் ஆரோக்கியமா இருக்காங்க, அடைச்சா பெருசா ஆபத்தில்லைங்கிற தைரியம் அங்கேர்ந்தும் வந்துச்சு. இதயம் பலவீனமானவங்களுக்கும் கிட்னிக்கும்கூட நல்லதுன்னு பின்னாடி பெரிய ஆய்வுகள்ல தெரிஞ்சுது. ஆனா மூத்திரம் போற இடத்துல பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பிருக்கு, சுத்தமா வெச்சுக்கோங்க. வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாம போனாலோ ஆபரேஷன் இருந்தாலோ மாத்திரையைத் தொடரலாமான்னு உடனே டாக்டரைக் கேளுங்க, ரத்தத்துல அமிலம் ஏறிடலாம்.

நடக்கச் சொல்லியிருப்பாரே, அதையும் விடாதீங்க. தசைக்குள்ள குளுக்கோஸ் போக ஜிஎல்யுடி4ன்னு வேற ஒரு புரதம் வேணும், அது சாதாரணமா செல்லுக்குள்ள இருக்கும், இன்சுலின் வந்து சொன்னாத்தான் சவ்வுக்கு வரும். ஆனா தசை வேலை செஞ்சா இன்சுலின் இல்லாமலே அது சவ்வுக்கு வந்துடும். இன்சுலின் சரியா கேக்காத உடம்புக்கு இது எவ்ளோ பெரிய வரம்னு யோசிச்சுப் பாருங்க.

அரியலூர் வாசகர்: என் மக எட்டாவது. சவ்வு வழியா தண்ணி போறதை வீட்டுலயே பாக்க ஏதாவது சொல்லுங்க டீச்சர்.

ரெண்டு முட்டையை வினிகர்ல ஒரு நாள் ரெண்டு நாள் ஊறவிடுங்க, ஓடு கரைஞ்சு மெத்துன்னு ஆயிடும். கழுவி எடை பாத்து எழுதிக்கச் சொல்லுங்க. ஒண்ணை சாதாத் தண்ணியில, இன்னொண்ணை கெட்டியான சர்க்கரைப் பாகுல (ஆறினது) போட்டு மறுநாள் எடை பாருங்க, ஒண்ணு உப்பியிருக்கும் ஒண்ணு சுருங்கியிருக்கும். இங்க வேலை செய்றது செல் சவ்வு இல்ல, ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற புரதத் தோல், அதையும் பாப்பாவுக்குச் சொல்லிடுங்க. நிஜமான செல் சவ்வைப் பாக்கணும்னா பீட்ரூட்டை ஒரே அளவா வெட்டி, நிறம் போற வரைக்கும் கழுவி, ஒரு துண்டை பச்சைத் தண்ணியிலயும் ஒண்ணை சுடுதண்ணியிலயும் போடுங்க. பச்சைத் தண்ணி ரொம்ப நேரம் தெளிவா இருக்கும், சுடுதண்ணி சீக்கிரமே சிவக்கும், சூட்டுல சவ்வு சிதைஞ்சு நிறம் வெளிய கொட்டுறது அது. தண்ணியை எத்தனை சூட்டுல ஊத்தினா சிவக்க ஆரம்பிக்குதுன்னு தெர்மாமீட்டர் வெச்சு அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க, சுடுதண்ணி ஊத்துற வேலை மட்டும் நீங்க பாத்துக்கோங்க. வினிகர்ல ஊறின முட்டையை சாப்பிட வேண்டாம்.